திருத்தணியில் ஒரு சிவப்புப் புள்ளி

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணியில் செல்போன் கடை வைத்திருப்பவர்களுக்கு வியாபாரம் ஓடாது, விசாரணைதான் ஓடும். காவடி எடுத்தவர்கள், மொட்டை போட்டவர்கள், சரவணப் பொய்கையில் முங்கிக் கரையேறியவர்கள் என்று நெரிசலில் போனைத் தொலைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். ம.பொ.சி. சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் என் நண்பனின் கடை இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே அப்படி வந்து நின்றவர் ஆற்காட்டுப் பக்கத்து ஆள். அறுபது வயதிருக்கும். புது மொட்டையில் சந்தனம், இடுப்பில் ஈரம் காயாத மஞ்சள் வேட்டி.

“நைனா, அந்தக் கம்ப்யூட்டரக் கொஞ்சம் தட்டி என் போனு எங்க கீதுன்னு பாரு.”

“அதெல்லாம் நம்மால ஆவாதுங்க பெரியவரே. ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க.”

“இன்னாப்பா நீ! சினிமால நம்பரப் போட்டா மேப்புல செவப்பா ஒரு புள்ளி மின்னுது. ஜீப்பு நேரா அங்க போய் நிக்குது. உன்னாண்ட கம்ப்யூட்டர் இருக்குதுல்ல?”

நான் இருபது வருஷம் சென்னையில் சர்வர் அறைகளின் குளிரில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். பதில் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நீளும் என்பதால் அடக்கிக்கொண்டேன். அந்த நீளமான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் புள்ளி. டவரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. செல்போனுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் எல்லையோர வீடுகளில் திண்ணையில் நின்று பேசினால் தமிழ்நாடு, கொல்லைப்புறம் போனால் ஆந்திரா. ‘ஆந்திரப் பிரதேசத்துக்கு வரவேற்கிறோம்’ என்று குறுஞ்செய்தி வந்து விழும், கூடவே காசும் போகும். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வருஷக்கணக்கில் போராடி மீட்ட மண்ணை ஒரு டவர் இரண்டு நொடியில் திருப்பிக் கொடுத்துவிடும்.

காரணம் எளிது. போன் தேடுவது பக்கத்து டவரை அல்ல, அந்த நிமிஷத்தில் பலமாகக் கேட்கிற டவரை. ஒரு டவர் தன்னைச் சுற்றியுள்ள வட்டத்தைப் பெரும்பாலும் மூன்று துண்டாகப் பிரித்து வைத்திருக்கும். உங்கள் போன் எந்தத் துண்டில் பேசுகிறது என்பது அதற்குத் தெரியும். எவ்வளவு தூரத்தில் என்பதும் ஓரளவு தெரியும். ரேடியோ அலை போய்ச் சேர எடுக்கும் நேரத்தை அது அளக்கிறது. பழைய 2ஜி முறையில் அந்த அளவுகோலின் ஒரு கோடு சுமார் 550 மீட்டர். ஆக டவர் காட்டுவது புள்ளியே அல்ல. தர்பூசணிக் கீற்றின் ஓரத்தைப் போல வளைந்த ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் பேருந்து நிலையமும் அடங்கும், கடைத்தெருவும் அடங்கும், கிருத்திகை அன்றைக்கு ஐம்பதாயிரம் பேரும் அடங்குவார்கள். மலைமேல் ஏறிவிட்டால் இன்னும் வேடிக்கை. குறுக்கே மறைப்பதற்கு எதுவும் இல்லாததால் தொலைதூரத்து டவர்கூடத் தெளிவாகக் கேட்கும். முருகன் சன்னிதியில் நிற்கிறவரின் போன் சமவெளியில் எங்கோ இருக்கிற டவரோடு குசலம் விசாரித்துக்கொண்டிருக்கும். புதிய தலைமுறை வலைப்பின்னல்களில் இந்த அளவுகோல் நுணுக்கமாகியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் ‘சிக்னல் திருத்தணியில காட்டுது சார்’ என்று படத்தில் ஒரு கான்ஸ்டபிள் சொன்னால் அதுவரை நம்பலாம். அடுத்த காட்சியில் ஜீப் சரியான வீட்டுக் கதவை உதைத்துத் திறக்கிறதே, அங்கேதான் கதாசிரியர் உள்ளே வருகிறார்.

அந்தத் தகவல்கூட போலீஸின் மேஜையில் தானாக மின்னுவதில்லை. அது தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. உயரதிகாரி எழுத்தில் கேட்டு, அவர்கள் எடுத்து அனுப்ப வேண்டும். வருவது வரைபடமல்ல, எக்செல் அட்டவணை. எந்த எண், எத்தனை மணிக்கு, எந்த டவர் என்று ஆயிரக்கணக்கான வரிகள். ஒரு எஸ்.ஐ. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் அதைப் படிக்கிறார். படம் எடுக்க உதவாத காட்சி.

‘இன்னும் ஒரு நிமிஷம் அவன பேச வைங்க, டிரேஸ் பண்ணிடலாம்’ என்ற வசனத்துக்கு மட்டும் நான் கொஞ்சம் மரியாதை கொடுப்பேன். அது ஒரு காலத்தில் உண்மை. பழைய இயந்திரத் தொலைபேசி நிலையங்களில் ஒரு அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஊழியர் ஒருவர் அலமாரி அலமாரியாக நடந்து எந்த சுவிட்ச் எதோடு கொக்கி போட்டிருக்கிறது என்று பின்னோக்கிப் போக வேண்டும். அழைப்பு துண்டித்தால் சுவிட்ச் விலகிவிடும், தடமும் போய்விடும். 1984-ல் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் தொடங்கி, நம் ஊர்களுக்கு மின்னணுத் தொலைபேசி நிலையங்கள் வந்த பிறகு, மணி அடிக்கத் தொடங்கும்போதே அழைத்த எண் பதிவாகிவிடுகிறது. நிலையம் மாறிவிட்டது, வசனம் மாறவில்லை.

சினிமாக்காரர்களைக் குறை சொல்வதற்கு முன் அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. என் வேலையைப் படமெடுத்தால் இப்படி இருக்கும்: ஒருவன் திரையில் எழுத்துகளைப் படிக்கிறான். டீ குடிக்கிறான். மறுபடி படிக்கிறான். மூன்றாம் நாள் மதியம் ‘ஓகோ’ என்கிறான். அதற்கு எந்த இசையமைப்பாளர் என்ன செய்ய முடியும்? ஆகவே இயக்குநர் விரல்களைக் காட்டுகிறார். படத்து ஹேக்கர் மவுஸைத் தொடமாட்டார், எழுத்துப் பிழை விடமாட்டார், அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் திரையில் விழும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். நிஜக் கணினி அப்படிச் சத்தம் போட்டால் டி.டி.பி. கடைக்காரர்கள் ஒரே வாரத்தில் காது டாக்டரிடம் போய் நிற்பார்கள்.

தமிழில் இது நேற்று வந்த வழக்கமல்ல. 1986-ல் சுஜாதாவின் எழுத்தில் கமல்ஹாசன் நடித்த ‘விக்ரம்’ படத்தில், திருடுபோன ஏவுகணைக்காகக் கதாநாயகனோடு ஒரு கம்ப்யூட்டர் நிபுணரே, அதுவும் ஒரு பெண், கூடப் போவார். கம்ப்யூட்டரை வங்கிக் கிளையில்கூடப் பார்த்திராத பார்வையாளர்களுக்காக எடுத்த படம் அது. எழுதியவரோ பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்த பொறியாளர். விஷயம் தெரிந்தவர் எழுதினாலும் திரைக்கு வரும்போது விளக்குகள் மினுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பிறகு ‘ஆரம்பம்’ படத்தில் ஆர்யா, ‘விவேகம்’ படத்தில் அக்‌ஷரா ஹாசன் என்று ஹேக்கர் ஒரு பாத்திர வகையாகவே ஆகிவிட்டார். அந்தக் காலத்துப் படங்களில் மந்திரவாதி செய்த வேலையை இவர்கள் செய்கிறார்கள். மண்டை ஓட்டுக்குப் பதில் லேப்டாப்.

ஹாலிவுட்டும் இதே குட்டைதான். ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் பச்சை மழையாகக் கொட்டுகிறதே எழுத்து, அதை வடிவமைத்த சைமன் ஒயிட்லி தன் மனைவியின் ஜப்பானியச் சமையல் புத்தகங்களிலிருந்து அந்த எழுத்துகளை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். உலகையே இயக்கும் ரகசிய நிரல் என்று நாம் வாய் பிளந்து பார்த்தது மீன் உணவின் செய்முறை. ஆனால் அதே தொடரின் இரண்டாம் படத்தில், 2003-ல், நாயகி டிரினிட்டி, மின் நிலையத்தின் கணினிக்குள் நுழையும் சில நொடிகள் நிஜம். அவர் பயன்படுத்துவது ‘என்மேப்’ என்ற உண்மையான கருவி. கதவுகளில் எது திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல் அது. நானும் மாதம் ஒருமுறையாவது ஓட்டியிருக்கிறேன். எதிர்மாறாக, ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் அந்தச் சிறுமி திரையில் முப்பரிமாணப் பெட்டிகளுக்கு மேல் பறந்து பறந்து கோப்பு தேடுவதைப் பார்த்து உலகமே சிரித்தது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் நிஜமாகவே உருவாக்கிய நிரல் அது என்பது சிரித்த பலருக்குத் தெரியாது. எது பொய் என்று கண்டுபிடிப்பதும் அவ்வளவு சுலபமில்லை.

ஒரே ஒரு பொய்யை மட்டும் சட்டென்று பிடித்துவிடலாம். திரையில் ஐ.பி. முகவரி வந்தால் நான்கு எண்களையும் பாருங்கள். ஒவ்வொன்றும் எட்டு இருமக் கட்டங்களில் எழுதப்படுவதால் 0 முதல் 255 வரைதான் இருக்க முடியும். படத்தில் 312 என்றோ 748 என்றோ இருந்தால் அது இருக்கவே முடியாத முகவரி. இதைத் தவறு என்று சொல்லமாட்டேன். யாரோ ஒருவரின் நிஜ முகவரியைக் காட்டி வம்பில் மாட்டக்கூடாதே என்று வேண்டுமென்றே செய்வதும் உண்டு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பொய்க்கு வருகிறேன். திரையில் பத்துக் கட்டங்கள். எழுத்துகள் கிறுகிறுவென்று சுழல்கின்றன. முதல் கட்டம் ‘டக்’ என்று நிற்கிறது, பச்சை விளக்கு. இரண்டாவது ‘டக்’. கடைசிக் கட்டம் நிற்பதற்குள் குண்டு வெடித்துவிடுமோ என்று நாம் நாற்காலி நுனிக்கு வருகிறோம்.

தணிகை மலைக்கு 365 படிகள், வருஷத்துக்கு நாள் கணக்கு. டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமமிட்டு, திருப்புகழ் பாடி, கற்பூரம் காட்டி ஏறுவார்கள். ஆங்கிலப் புத்தாண்டுக்குத் துரைமார்களைப் பார்க்கப் போகிற சனம் முருகனைப் பார்க்கப் போகட்டும் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது. ஏறும்போது எத்தனை படி ஆயிற்று, இன்னும் எத்தனை பாக்கி என்பது தெரியும். படத்துக் கடவுச்சொல் இந்த மலையைப் போன்றது. முதல் எழுத்து சரி என்று அதுவே சொல்லிவிடுகிறது, நீங்கள் இரண்டாம் படிக்குப் போகலாம். ஆங்கில எழுத்து 26, இலக்கம் 10, ஆகக் கட்டத்துக்கு 36 வாய்ப்பு. பத்துக் கட்டத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 360 முயற்சி. தணிகைப் படிகளைவிட ஐந்து குறைவு. மதியச் சாப்பாட்டுக்குள் கையாலேயே முடித்துவிடலாம், கம்ப்யூட்டரே வேண்டாம்.

நிஜப் பூட்டுக்குப் படிகளே கிடையாது. உச்சியில் இருக்கிறீர்கள் அல்லது அடிவாரத்தில் இருக்கிறீர்கள். ஒன்பது எழுத்து சரியாக இருந்து பத்தாவது தவறினாலும் ‘தவறு’ என்ற ஒரே பதில்தான். பத்தும் ஒருசேரப் பொருந்த வேண்டுமென்றால் வாய்ப்புகள் 36 கோடி கோடிக்கு மேல். ஏன் இப்படி என்றால், ஒழுங்காகக் கட்டிய எந்தக் கணினியும் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. நீங்கள் மறுபடி வந்து சொல்லும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதோடு இது விசித்திரமான எந்திரம்: படியளவு அரிசியில் ஒரே ஒரு மணி மாறினாலும் மாவின் நிறமே வேறாகிவிடும். ஆகவே ‘கிட்டத்தட்ட வந்துவிட்டோம்’ என்று அறிய வழியே இல்லை.

இவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டு ஒரு விதிவிலக்கையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டு வைஃபை பெட்டியில் எட்டு இலக்க எண்ணைப் போட்டு இணைக்கும் ‘டபிள்யூ.பி.எஸ்.’ என்ற வசதி இருந்தது. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். அந்தப் பெட்டி முதல் நான்கு இலக்கம் சரியா என்பதைத் தனியாகச் சொல்லிவிடுகிறது! கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சி போதும். பத்துக் கோடி பதினோராயிரமாகச் சுருங்கியது. இரண்டே படிகள் கொண்ட மலை. உலகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் சினிமாப் பூட்டு நிஜமாகவே மாட்டியிருந்தது. ஆனாலும் பச்சை விளக்கு எரியவில்லை, மணிக்கணக்கில் ஒரு நிரல் சத்தமில்லாமல் ஓட வேண்டியிருந்தது.

எழுத்து எழுத்தாகப் பூட்டு திறக்கும் காட்சியைப் பிரபலமாக்கியது 1983-ல் வந்த ‘வார்கேம்ஸ்’. பள்ளிப் பையன் ஒருவன் விளையாட்டென்று நினைத்து அமெரிக்க ராணுவக் கணினிக்குள் நுழைந்து அணு ஆயுதப் போரின் விளிம்புக்கு உலகைக் கொண்டுபோகிற கதை. உச்சக்கட்டத்தில் ஏவுகணைக் குறியீடு ஒவ்வொரு எழுத்தாகப் பிடிபடும். அந்தக் காட்சி பொய். ஆனால் படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி இருக்கிறது. பள்ளிக் கணினியில் மதிப்பெண்ணைத் திருத்த அந்தப் பையனுக்குக் கடவுச்சொல் வேண்டும். அவன் எந்த நிரலும் எழுதுவதில்லை. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது, மேஜையில் ஒட்டி வைத்திருக்கிற தாளைப் படித்துக்கொள்கிறான். ராணுவக் கணினியின் ரகசிய வாசலுக்கோ அதை எழுதியவரின் இறந்துபோன மகனின் பெயர்தான் சாவி. நாற்பது வருஷத்து ஹேக்கர் படங்களில் இந்த இரண்டு காட்சிகளைவிட உண்மையானதை நான் பார்த்ததில்லை.

அந்தப் படத்தை 1983 ஜூனில் கேம்ப் டேவிட் மாளிகையில் போட்டுப் பார்த்தார் அன்றைய அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன். சில நாள் கழித்து ஒரு கூட்டத்தில் படத்தின் கதையைச் சொல்லி, இப்படி நிஜமாக நடக்குமா என்று முப்படைத் தலைவர் ஜான் வெஸ்ஸியிடம் கேட்டார். விசாரித்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பி வந்த தளபதி, நிலைமை நாம் நினைப்பதைவிட மோசம் என்ற பொருளில் பதில் சொன்னார். 1984 செப்டம்பரில் அரசுக் கணினிகளின் பாதுகாப்புக்கென்று அதிபரின் உத்தரவு ஒன்று வெளிவந்தது. திரைக்கதை ஆசிரியர்கள் முன்பே வில்லிஸ் வேர் என்ற கணினிப் பாதுகாப்பு நிபுணரிடம் ஆலோசனை கேட்டிருந்தார்கள். மூடிய கணினி என்பார்கள், ஆனால் வார விடுமுறையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விரும்பும் அதிகாரி ஒருவர் ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பார் என்பது அவர் விளக்கத்தின் சாரம். சோம்பலைச் சொல்கிறார். எந்த ஊர் அலுவலகத்துக்கும் பொருந்தும்.

நம் ஊர் நிகழ்வுக்கு வருவோம். 2018 மே மாதம் விஷாலின் ‘இரும்புத்திரை’ வெளியானது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் காணாமல் போவதும், அர்ஜுன் வில்லனாகக் கண்ணாடி மாளிகையில் உட்கார்ந்து தகவல்களை அள்ளுவதும் ரசிகர்களை மிரட்டின. அதற்கு மூன்று மாதம் முன்புதான், பிப்ரவரியில், கும்பகோணத்தில் தலைமையகம் உள்ள, 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியில் நிஜமாகவே அது நடந்தது. வங்கிகள் நாடுவிட்டு நாடு பணம் அனுப்பச் சொல்லி ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ‘ஸ்விஃப்ட்’ முறையில் யாரோ மூன்று பொய் உத்தரவுகளைப் போட்டார்கள். நியூயார்க் வழியாக துபாய்க்கு 5 லட்சம் டாலர், ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகத் துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர்.

சிவப்பு விளக்கு எரிந்ததா? சைரன் ஒலித்ததா? பிரிண்டர் வேலை செய்யவில்லை. அவ்வளவுதான். ஸ்விஃப்ட் செய்திகள் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகைகள் தானாகத் தாளில் அச்சாகி விழும். திருடர்கள் முதலில் அந்தப் பிரிண்டரை முடக்கினார்கள். மறுநாள் கணக்கை ஒத்துப் பார்க்கிற வழக்கமான வேலையில், பிப்ரவரி 7 அன்று, மூன்று தொகை உதைத்தது. துபாய்ப் பணம் தடுக்கப்பட்டுத் திரும்பியது. இந்திய அலுவலகத்தில் பிரிண்டர் ஓடாவிட்டால் யாராவது ‘ஹேக்கர்!’ என்று கத்துவார்களா? பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவோம், பேப்பர் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்போம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவோம். திருடர்களுக்கு அது தெரிந்திருந்தது.

இதே பாடத்தை அவர்கள் இரண்டு வருஷம் முன்பு டாக்காவில் படித்திருக்க வேண்டும். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலும் பிரிண்டர்தான் முதலில் ஊமையானது. வியாழன் இரவு வேலை தொடங்கியது. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, பணம் இருந்த நியூயார்க்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை, பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்களன்று சீனப் புத்தாண்டு. திருடர்களின் பெரிய ஆயுதம் நாள்காட்டி. 35 உத்தரவுகளில் 95 கோடி டாலர் கேட்டார்கள், 8.1 கோடி போயே போய்விட்டது. மீதி ஏன் தப்பியது என்பது எந்தத் திரைக்கதையாளரும் எழுதத் துணியாதது. இலங்கையில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு 2 கோடி டாலர் அனுப்பும்போது ‘ஃபவுண்டேஷன்’ என்பதை ‘ஃபண்டேஷன்’ என்று தட்டிவிட்டார்கள். இடையில் இருந்த வங்கிக்காரர் எழுத்துப் பிழையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மணிலாவில் பணம் போன வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிடர். தடை செய்யப்பட்ட ஈரானியக் கப்பல் ஒன்றுக்கும் அதே பெயர் என்பதால் இன்னும் பல உத்தரவுகள் நின்றன. அவர்கள் உள்ளே நுழைந்த வழியோ, வேலை கேட்டு அனுப்பிய மின்னஞ்சல். 2015-லேயே வந்தது. இணைப்பில் இருந்த ‘பயோடேட்டா’வை யாரோ சொடுக்கினார்கள். அதன் பிறகு ஒரு வருஷம் ஓசைப்படாமல் உள்ளே உட்கார்ந்து, யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம்! படத்தில் அது ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடும்.

கூடங்குளத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2019 அக்டோபர் கடைசியில் அணுமின் நிலையத்துக்குள் தீநிரல் புகுந்துவிட்டது என்று செய்தி பரவியபோது, பலருடைய கற்பனையில் ஓடியது சினிமாதான்: உலை சூடேறுகிறது, திரையில் எண் இறங்குகிறது, யாரோ சிவப்பு ஒயரா நீல ஒயரா என்று வியர்க்கிறார்கள். நிலையத்தின் தரப்பில் முதலில் மறுத்தார்கள். அடுத்த நாளே, அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-லேயே கணினி அவசரநிலைக் குழு அவர்களுக்குத் தெரிவித்திருந்தது. தொற்று இருந்தது நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒருவரின் கணினியில். உலையை இயக்கும் உள் வலைப்பின்னல் அதோடு தொடர்பில்லாமல் தனியாக இருக்கிறது என்றார்கள். இடையில் ஒயரே இல்லாவிட்டால் எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்தாலும் தாண்ட முடியாது. மனிதர்கள் தாண்டலாம், சட்டைப் பையில் ஒரு பென் டிரைவோடு. ஈரானின் நதான்ஸ் ஆலையில் மையவிலக்கு எந்திரங்களைக் கெடுத்து, 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ‘ஸ்டக்ஸ்நெட்’ அப்படித்தான் இந்த ஒயரில்லா இடைவெளியைக் கடந்ததாகக் கருதப்படுகிறது. மறுத்துவிட்டு மறுநாள் ஒப்புக்கொண்டது எனக்குத் தீநிரலைவிட அதிகம் உறுத்தியது.

‘இரும்புத்திரை’யை நான் முழுக்கப் பழிக்கமாட்டேன். அந்தக் கண்ணாடி மாளிகை கப்சா. ஆனால் கடன் கிடைக்காத ஒருவன் தரகரிடம் போய்ப் பொய்யான காகிதம் கொடுப்பதும், அந்தக் காகிதத்தின் வழியாகவே தன்னைத் திருடர்களிடம் ஒப்படைப்பதும் ஆழமாக யோசித்து எழுதியவை. அவன் மாட்டிக்கொள்வது கணினியின் ஓட்டையால் அல்ல, தங்கை கல்யாணத்தால். 2020-ல் வந்த ‘ஜாம்தாரா’ தொடர் இன்னும் ஒரு படி மேல்: ஜார்க்கண்டின் ஒரு சிற்றூரில் பையன்கள் மரத்தடியில் உட்கார்ந்து பட்டன் போனில் ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்கிறார்கள். பச்சை எழுத்து இல்லை, முகமூடி இல்லை. தமிழில் கணினி யுகத்தின் உண்மையான திகில் படம் எதுவென்று கேட்டால் ‘லவ் டுடே’ என்பேன். காதலனும் காதலியும் ஒரு நாளைக்குப் போனை மாற்றிக்கொள்கிறார்கள். யாரும் எதையும் உடைக்கவில்லை. அரங்கில் பக்கத்து இருக்கைக்காரர் தன் போனைக் கவிழ்த்து வைத்ததை நான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவருக்கு வந்த குறுஞ்செய்தியும் அந்த ரகம்தான். மின்கட்டணம் கட்டவில்லை, இன்று இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும். தறி ஓடுகிற வீட்டில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது எழுதியவனுக்குத் தெரியும். அவர் பேசினார். எதிர்முனையில் இருந்தவன் மரியாதையாக, நிதானமாக, ஐயா ஐயா என்று பேசி, ஒரு செயலியைப் போனில் இறக்கச் சொன்னான். பணம் போன பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்: “ஹேக் பண்ற ஆளு மாதிரியே இல்லீங்க அவன்.” உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசியதால் கொஞ்சம் பணத்தை முடக்கி வைக்க முடிந்தது.

மொட்டைத் தலைப் பெரியவரைக் கடையிலேயே நிற்க வைத்துவிட்டேன். என் நண்பன் அவருக்கு ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பற்றிச் சொன்னான். ஒவ்வொரு போனுக்கும் பதினைந்து இலக்கத்தில் ஒன்று, வாங்கிய பெட்டியில் அச்சடித்திருக்கும், புகார் ரசீதோடு அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் பதிந்தால் எந்த சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாதபடி முடக்குவார்கள் என்றான். பெட்டியில் எலி குட்டி போட்டதால் எறிந்துவிட்டதாகப் பெரியவர் சொன்னார். அப்புறம் நண்பனுக்கே உறைத்தது. “உங்க போனு ஆன்ல இருந்தா, நெட்டு ஆன்ல இருந்தா, உங்க கூகுள் கணக்கு வழியா நாமளே பாக்கலாம். நீங்க கேட்ட புள்ளி மேப்புல வரும். ஆனா மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் வேணும்.”

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. புள்ளி இருக்கிறது என்று அவர்தான் முதலிலேயே சொன்னாரே. ஆனால் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியாது; மருமகளுக்குத்தான் தெரியும். மருமகள் சாலைக்கு அந்தப் பக்கம், பொரிக்கடை ஓரத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெரியவர் கடை வாசலுக்குப் போய்க் கையைக் குவித்து, பம்பைச் சத்தத்தையும் மீறிக் கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து அதைவிடப் பலமாகப் பதில் வந்தது.

“முருகா, மாமா! இங்கிலீஸ்ல! அப்பால ஒண்ணு ரெண்டு மூணு! எல்லாம் சின்ன எழுத்து!”

பெரியவர் திரும்பி வந்து, எங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று மறுபடி ஒருமுறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கடைக்குள் அப்போது நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம்.